பட்டறைகளை மூடச் சொல்ற அபார்ட்மென்ட் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத்தோட தலைவர், செயலாளர், அப்புறம் தீர்மானத்துல கையெழுத்து போட்ட எல்லாக் குடும்பத்துக்கும்,

உங்க தீர்மானத்தோட காப்பி எங்க தெருவுல கை மாறி கை மாறி என் பட்டறைக்கும் வந்து சேந்துச்சு. குடியிருப்புப் பகுதிக்குள்ள சத்தம் போடற பட்டறைங்களை உடனே அகற்றணும்னு ஒரு தீர்மானம், இந்தப் பகுதியையே தொழில் பகுதியிலருந்து குடியிருப்புப் பகுதியா மாத்தணும்னு இன்னொண்ணு. ரெண்டையும் நகர நிர்வாகத்துக்கு அனுப்பியாச்சாம். எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேனோ அதத்தான் இங்க எழுதறேன், எல்லாரும் படிக்கட்டும்னுதான் பொதுவுல எழுதறேன், ஏன்னா நீங்க எங்களப் பத்தி எழுதுனதும் ஊர் பூரா சுத்திருச்சு.

மொதல்ல அந்த முதல் வரியப் பேசிருவோம். குடியிருப்புக்குள்ள பட்டறை வரலைங்க, பட்டறைங்களுக்கு நடுவுல குடியிருப்பு வந்துச்சு. உங்க டவர் நிக்கற எடத்துல இரும்பை உருக்கி வார்க்கற ஒரு ஃபவுண்டரி இருந்துச்சு, அத ஒட்டி உலோகத்துக்கு முலாம் பூசற ஒரு பிளேட்டிங் யூனிட். பெரிய கம்பெனி மூடிட்டுப் போச்சு, ரொம்ப வருஷம் கேட்டுல பூட்டு தொங்குச்சு, உள்ள செடியும் துருவும்தான். ஆனா அதை நம்பி சுத்தி இருந்த சின்னப் பட்டறைங்க நாங்க மூடல. வேற கம்பெனி ஆர்டர் புடிச்சு, ஜாப் ஒர்க் செஞ்சு, எப்படியோ தாக்குப்புடிச்சுட்டோம். நீங்க பிளாட் பாக்க வந்த அன்னைக்கும் எங்க ஷட்டர் தொறந்துதான் இருந்திருக்கும், நீங்க ஞாயித்துக்கிழமை வந்திருந்தாத்தான் பாத்திருக்க மாட்டீங்க. சைட் விசிட்டுக்கு எல்லாரையும் ஞாயித்துக்கிழமைதான் கூட்டிட்டு வந்தாங்கங்கறதை நாங்க தெருவுல நின்னு பாத்தோம், அது தற்செயல்னு நான் நம்பல.

சத்தமே இல்லன்னு நான் சாதிக்கப் போறதில்ல. இருக்குது. கட்டிங் வீல் இரும்பைத் தொடும்போது வர்ற கீச்சு சத்தம், கம்ப்ரஸர் காத்தை விடற சத்தம், எல்லாத்துக்கும் மேல மூணாவது பட்டறையில தகட்டை அடிச்சு வெட்டற பவர் பிரஸ். கீச்சு சத்தத்தை ஒரு நல்ல செவுரு, இடுக்கில்லாம மூடற ஒரு ஜன்னல் தடுத்துரும். பிரஸ் அப்படி இல்ல, அது அடிக்கற அடி தரை வழியா போகும், நீங்க காதால கேக்கறதுக்கு முன்னாடி கட்டில்ல உணருவீங்க. நாலாவது மாடியில ஒரு அம்மா டம்ளர் தண்ணி ஆடுதுன்னு சொன்னாங்க, நான் நம்பறேன். உலக சுகாதார நிறுவனம் 1999லயே படுக்கையறைக்குள்ள ராத்திரியில 30 டெசிபலுக்கு மேல போகக்கூடாதுன்னு வழிகாட்டுதல் குடுத்திருக்கு. நிம்மதியா தூங்கறது உங்க உரிமை, அதுல எனக்கு மாத்துக் கருத்தே கெடையாது.

என் சண்டை, அந்த உரிமைக்கு நீங்க யார்கிட்ட போய் நிக்கறீங்கங்கறதுலதான்.

உங்க கட்டடத்தை ஒரு தடவ எங்க தெருவுல நின்னு அண்ணாந்து பாருங்க. பட்டறைப் பக்கமா பாத்தாப்புல இருக்கறது பூரா பெட்ரூம். நீச்சல்குளம், கிளப் ஹவுஸ், பார்க்கிங்குக்கு போற பாதை, லிஃப்ட், மாடிப்படி எல்லாம் அந்தாண்ட, சத்தமே இல்லாத பக்கம். சத்தம் வர்ற பக்கம் படிக்கட்டு, நடைபாதை, கிச்சன், ஸ்டோர் ரூம் வெச்சு, தூங்கற ரூமை மறுபக்கம் திருப்பணும்ங்கறது கட்டட டிசைன்ல அரிச்சுவடி. அந்த ஜன்னலுங்களாவது சரியா போட்டாங்களா? பக்கவாட்டுல தள்ளற மாதிரி ஸ்லைடிங் ஜன்னல், ஒத்தக் கண்ணாடி, ரெண்டு கதவும் சேர்ற எடத்துல பிரஷ் மாதிரி ஒரு நூல் பட்டை. அது தூசியையே முழுசா தடுக்காது. கீல் வெச்சு இழுத்து மூடற ஜன்னல், சுத்தி ரப்பர், நடுவுல இடைவெளி விட்டு ரெண்டு கண்ணாடி, அதுலயும் ரெண்டும் வேற வேற தடிமன், இதெல்லாம் போட்டிருந்தா ராத்திரி கட்டிங் வீல் ஓடுதான்னே உங்களுக்குத் தெரியாது. அதோட செலவை மிச்சம் புடிச்ச பில்டரு வித்துட்டுப் போயிட்டாரு, இப்ப அந்த மிச்சத்துக்கு கணக்கு எங்க தலையில எழுதறீங்க.

ரெண்டாவது தீர்மானம்தான் எங்களுக்கு விஷம். பகுதியோட வகையை மாத்தறது வெறும் பேப்பர்ல ஒரு கலர் மாத்தறது இல்லைங்க. உதாரணத்துக்கு இந்தியாவோட 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளை எடுத்துக்கோங்க, தொழில் பகுதிக்கு பகல்ல 75 டெசிபல், ராத்திரி 70, குடியிருப்புப் பகுதிக்கு பகல்ல 55, ராத்திரி 45. பகல் கணக்குலயே 20 டெசிபல் வித்தியாசம். டெசிபல் கணக்கு கூட்டல் கணக்கு இல்ல, 20 டெசிபல் குறையணும்னா சத்தத்தோட சக்தி நூத்துல ஒரு பங்கா குறையணும். அதாவது நேத்து வரைக்கும் சட்டத்துக்கு உட்பட்டு ஓடுன அதே மெஷின், அதே ஆளு, அதே வேலை, ஒரு உத்தரவு வந்த மறுநாள் காலையில குத்தவாளி. மெஷினை ஒரு இன்ச் கூட நகத்தியிருக்க மாட்டோம். எங்க பக்கத்துல நோட்டீஸ் வந்த பட்டறைக்காரர் ஒருத்தரு லைசென்ஸ் புதுப்பிக்கப் போனா 'அந்தப் பகுதி மாறப்போகுதாமே, பாத்துட்டு செய்யலாம்'னு சொல்லி அனுப்பிட்டாங்க, தீர்மானம்தான் போட்டிருக்கீங்க, அதுக்குள்ளயே இந்தக் கதி. எடத்துக்காரங்களும் அடுத்த ஒப்பந்தம் எழுத மாட்டேங்கறாங்க, அவங்களுக்கும் டவர் கனவு வந்துருச்சு.

உங்கள்ல ஒருத்தரு வக்கீல்னு கேள்விப்பட்டேன், முன்னாடி வந்தோம்ங்கறது சட்டத்துல செல்லாதுன்னு அவரு உங்க குரூப்புல சொன்னாராம். ஓரளவு சரிதான். 1879ல இங்கிலாந்துல ஸ்டர்ஜஸ் எதிர் பிரிட்ஜ்மன்னு ஒரு வழக்கு, இன்னைக்கும் சட்டக் கல்லூரியில சொல்லித்தர்றாங்க. லண்டன்ல ஒரு மிட்டாய்க்காரரு 20 வருஷத்துக்கு மேல பெரிய உரல் வெச்சு இடிச்சுக்கிட்டு இருந்தாரு, பக்கத்து டாக்டருக்கு ஒரு பிரச்சனையும் இல்ல. அப்புறம் டாக்டரு தோட்டத்துக் கோடியில, அந்த உரல் இருக்கற பக்கமாவே, ஒரு கன்சல்டிங் ரூம் கட்டிட்டு சத்தம்னு கோர்ட்டுக்குப் போனாரு. டாக்டர்தான் ஜெயிச்சாரு. சரி, ஆனா உங்க வக்கீல் அதோட நிறுத்திக்கிட்டாரே, அதுதான் என் வருத்தம்.

1972ல அமெரிக்காவுல அரிசோனா உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்துச்சு. ஃபீனிக்ஸ் பக்கத்துல விவசாய நிலத்துல ஒரு பெரிய மாட்டுத் தொழுவம். டெல் வெப்ங்கற பில்டரு சன் சிட்டின்னு ஒரு ஊரையே கட்டி, வித்துக்கிட்டே தொழுவத்தை நோக்கி நகந்து வந்தாரு, கிட்ட வந்ததும் நாத்தம், ஈ, குடிவந்தவங்க புகார். தொழுவத்தை எடுக்கத்தான் சொல்லிச்சு கோர்ட்டு. ஆனா அங்கருந்து எடுத்துட்டுப் போற செலவை, மாடு வெச்சிருந்தவரு இல்ல, பில்டரு குடுக்கணும்னு சொல்லிச்சு. மலிவா எடம் வாங்கி அதுல ஊரைக் கட்டி லாபம் பாத்தவரு அந்த நஷ்டத்தையும் தாங்கணும்ங்கறதுதான் அதுல இருக்கற நியாயம். எனக்கு இதுவரைக்கும் தெரிஞ்ச தீர்ப்புங்கள்ல இதுதான் ரொம்பப் புடிச்சது. 2014ல பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒரு மோட்டார் பந்தய மைதானம் பத்தின வழக்குல, முன்னாடியே இருந்தோம்ங்கறது பொதுவா தப்பிக்கற வழி ஆகாதுன்னு சொல்லிட்டு, ஆனா புகார் குடுக்கறவரு அந்த நிலத்தோட பயன்பாட்டை மாத்துனதாலயோ அதுல புதுசா கட்டுனதாலயோதான் தொந்தரவே வந்துச்சுன்னா அப்ப யோசிக்கணும்னும் ஒரு கதவைத் தொறந்து வெச்சிருக்கு. அதே 2014ல ஆஸ்திரேலியாவோட விக்டோரியா மாநிலம் பாட்டுக் கச்சேரி நடக்கற எடங்களுக்காக ஒரு விதி கொண்டுவந்துச்சு, பக்கத்துல புதுசா வீடு கட்டறவர்தான் சத்தத் தடுப்புக்கு ஏற்பாடு பண்ணணும். 2018ல இங்கிலாந்தோட தேசிய திட்டக் கொள்கையும் அதையே ஏற்கெனவே இருக்கற தொழில்களுக்கும் சேத்து எழுதிருச்சு. மாத்தறது யாரோ, சமாளிக்கற பொறுப்பும் அவருக்கு. இதைத்தான் நாங்களும் கேக்கறோம், வேற எதுவும் புதுசா கேக்கல.

உங்க லாபில ஒரு பழைய லேத்தை கருப்பும் தங்கமுமா பெயிண்ட் அடிச்சு, மேல லைட் போட்டு நிறுத்தி வெச்சிருக்காங்க. கூரியர் ஒண்ணு தப்பா எங்களுக்கு வந்துருச்சுன்னு குடுக்க வந்தப்ப பாத்தேன். தண்டவாளம் மாதிரி நீளமா இருக்கற அதோட பெட்டு மேலயும் பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்காங்க! லேத்துல எங்க வேணா பெயிண்ட் அடிப்பாங்க, பெட்டு மேல அடிக்கவே மாட்டாங்க, ஏன்னா வெட்டற உளியைத் தாங்கற கேரியேஜ் சறுக்கிப் போற எடம் அது, வாழ்நாள் பூரா எண்ணெய் மட்டும்தான் பாக்கணும். வேலைப் பொருளோட மறுமுனையைத் தாங்கற டெயில்ஸ்டாக்கைக் காணோம். புரோஷர்ல பல்சக்கரம் படம், கட்டடத்துக்கே ஃபவுண்டரின்னு பேரு, சிம்னியை இடிக்காம விட்டு அதுக்கு ராத்திரியில கலர் லைட்டு. இந்த எடத்தோட தொழில் வாசனை வேணும்னு அதையும் சேத்து வித்திருக்காங்க, ஓடாத மெஷினுக்கு லாபியில எடம் இருக்கு, ஓடற மெஷினுக்கு தெருவுல எடமில்லங்கறீங்க. கோவத்துல சொல்லல, நீங்களே ஒரு தடவ யோசிச்சுப் பாருங்க.

வேற எங்கயாவது போய் தொழில் பண்ணுங்களேன், ஊருக்கு வெளிய தொழிற்பேட்டை இருக்கேன்னு உங்க கூட்டத்துல ஒருத்தரு பேசுனாராம். அவருக்கு எங்க தெரு எப்படி ஓடுதுன்னு தெரியாது. ஒரு ஷாஃப்ட் வேலை வருதுன்னு வைங்க. என்கிட்ட டர்னிங், அதாவது கடைசல், முடிஞ்சதும் எதிர்ல கீவேங்கற காடி வெட்டப் போகும், அங்கருந்து நாலு ஷட்டர் தள்ளி சூடாக்கி கெட்டிப்படுத்தற ஹார்டனிங், திரும்ப மூலையில இருக்கற கிரைண்டிங்காரர்கிட்ட. பையன் ஒருத்தன் கையில எடுத்துட்டு நடந்தே போயிட்டு வருவான். ஹார்டனிங்ல லேசா வளைஞ்சிருந்தா கிரைண்டிங்காரர் கத்துவாரு, அது எனக்கு இங்க கேக்கும், நான் போய் பாத்துட்டு அங்கயே முடிவு பண்ணிருவோம். இந்த நாலு பேரும் நாலு திசையில போயிட்டா ஒரு நாள்ல முடியற வேலை வாரக்கணக்குல இழுக்கும், கஸ்டமர் போயிருவான். யாரும் தனித்தனியா பொழைக்கற கூட்டம் இல்ல இது, ஒருத்தன் ஷட்டரை எறக்குனா அடுத்தவன் ஷட்டரும் எறங்கும். வேலைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு நடந்தோ சைக்கிள்லயோ வர்றாங்க, பேக்கிங்ல இருக்கற பொம்பளைங்க மத்தியானம் வீட்டுக்குப் போய் பிள்ளைங்களப் பாத்துட்டு வர்றாங்க. அவங்களால ரெண்டு பஸ் மாறி ஊருக்கு வெளிய வர முடியாது, வரவும் மாட்டாங்க. இத்தனைக்கும் உங்க கட்டடத்து கேட்டு சங்கிலி அறுந்தப்ப, தண்ணி மோட்டார் ஷாஃப்ட் ஒடிஞ்சப்ப யார்கிட்ட வந்தீங்கன்னு உங்க மெயின்டெனன்ஸ் ஆளைக் கேளுங்க.

இன்னொரு விஷயம், இதை எழுதலாமா வேணாமான்னு எங்களுக்குள்ளயே பேச்சு நடந்துச்சு. எழுதறதுதான் நியாயம்னு பட்டுச்சு.

உங்க குழந்தைங்க ஊஞ்சல் ஆடற அந்த மூலை இருக்கே, அங்கதான் பிளேட்டிங் யூனிட்டோட குரோம் டேங்க் இருந்துச்சு. மழை பேஞ்சா அந்தப் பக்கம் தேங்கற தண்ணி மஞ்சளா நிக்கும், நாங்க எல்லாரும் பாத்திருக்கோம். அந்த மஞ்சளுக்குக் காரணம், 'ஆறு இணைதிறன் குரோமியம்'ங்கற குரோமியத்தோட நச்சு வடிவம், புற்றுநோய் வரவைக்கும்னு சந்தேகத்துக்கு எடமில்லாம நிரூபணமான பொருள். பாகத்தோட எண்ணெயைக் கழுவ ட்ரைகுளோரோஎத்திலீன்னு ஒரு திரவம் பயன்படுத்துவாங்க, அதையும் 2012ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு குரோமியம் இருக்கற அதே முதல் பட்டியல்ல, உறுதியா புற்றுநோய் வரவைக்கற பொருளுங்க பட்டியல்ல சேத்திருச்சு. அது தண்ணியை விட கனம், தரையில சிந்துனா கீழ கீழ எறங்கி நிலத்தடி நீருக்கும் அடியில போய் உக்காந்துக்கும், அங்கருந்து ஆவியா மேல வந்து விரிசல் வழியா பேஸ்மென்ட்டுக்குள்ள நுழையும். உங்க பில்டர் சாயில் டெஸ்ட் எல்லாம் பக்காவா பண்ணியிருக்காருன்னு உங்க செயலாளர் ஒரு தடவ பெருமையா சொன்னாரு. எந்த டெஸ்ட்டுன்னு கேளுங்க. கட்டடம் கட்டறதுக்கு முன்னாடி எல்லாரும் பண்ற டெஸ்ட்டு மண்ணு எவ்வளவு பாரம் தாங்கும்னு மட்டும்தான் சொல்லும், மண்ணுல என்ன ரசாயனம் இருக்குன்னு சொல்லாது. அது வேற டெஸ்ட்டு, வேற லேப்.

பயமுறுத்தறதுக்கு சொல்லல. பேஸ்மென்ட் தோண்டுனப்ப அந்த மண்ணு பூரா லாரியில போயிருக்கலாம், முறையா சுத்தம் பண்ணியிருக்கலாம், பண்ணியிருந்தா எங்கயோ ஒரு பேப்பர் இருக்கணும்ல, அதைக் கேளுங்கன்னுதான் சொல்றேன். அமெரிக்காவுல நயாகரா பக்கத்துல லவ் கனால்னு ஒரு எடம், ரசாயனக் கழிவு 20,000 டன்னுக்கு மேல புதைச்ச பள்ளத்து மேல பள்ளிக்கூடம் கட்டி, சுத்தி வீடும் கட்டிட்டாங்க. 1978ல அங்க அவசர நிலை அறிவிக்கற வரைக்கும் போச்சு, 1980ல அதனாலயே அந்த நாட்டுல சுத்தம் பண்றதுக்குன்னு தனிச் சட்டம் வந்துச்சு. அதை வெளிய கொண்டுவந்ததுல முக்கியமானவங்க லோயிஸ் கிப்ஸ்னு ஒரு அம்மா, அங்க குடியிருந்தவங்கதான், வீடு வீடா கதவைத் தட்டி யாருக்கு என்ன நோய்னு கேட்டு எழுதுனாங்க. உங்க சங்கத்துக்கு அவ்வளவு ஆள் பலமும் படிப்பும் இருக்கு. அதை எங்க கம்ப்ரஸர் மேல செலவு பண்றீங்களேன்னுதான் ஆத்தாமையா இருக்கு. அந்த பிளேட்டிங் யூனிட்ல வேலை பாத்த பெரியவரு இன்னும் எங்க தெருவுலதான் இருக்காரு, எந்த டேங்க் எங்க இருந்துச்சு, கழிவு எந்தப் பக்கம் ஓடுச்சுன்னு கால் வெச்சு காட்டுவாரு. பட்டறைங்க போயிட்டா அந்த ஞாபகமும் கூடவே போயிரும், அப்புறம் உங்களுக்கு சொல்ல ஆளிருக்காது.

இனி எங்க கோரிக்கை. பகுதியோட வகையை மாத்தச் சொன்ன ரெண்டாவது தீர்மானத்தை திரும்ப வாங்குங்க, வாங்கிட்டோம்னு நகர நிர்வாகத்துக்கு எழுத்துல குடுங்க, அந்தக் காப்பி ஒண்ணு எங்களுக்கும் வேணும். இதுல பேரம் இல்ல, மத்ததெல்லாம் பேசலாம்.

சத்தத்தை சேந்து அளப்போம். ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒரு ஆளை வெச்சு, எங்க வாசல்லயும் உங்க பெட்ரூம்லயும், ஜன்னல் தொறந்தும் மூடியும், பிரஸ் ஓடும்போதும் நிறுத்தும்போதும், பகலும் ராத்திரியும். செல்போன் ஆப்ல எடுத்த நம்பரை புகார்ல போடாதீங்க.

எங்க பக்கத்துல என்ன செய்வோம்னா, பவர் பிரஸ் காலையில 7 மணிக்கு முன்னாடியும் ராத்திரி 8 மணிக்கு மேலயும் ஓடாது, அவரு ஒத்துக்கிட்டாரு. பிரஸ்ஸுக்கு அடியில அதிர்வு தாங்கற மவுண்ட் போட ஃபவுண்டேஷனை ஒடைச்சுப் பண்ணணும், அதுக்கும் தயார், ஆனா அந்த செலவு முழுசா அவரு ஒருத்தர் தலையில விழக்கூடாது, அரிசோனா கணக்கை ஞாபகம் வெச்சுக்கோங்க. கம்ப்ரஸர் வெச்சிருக்கறவங்க எல்லாரும் உள் பக்கம் மாத்தி மூடி வெச்சுக்கறோம்.

ஜன்னல் விஷயத்துல பில்டருக்கு நீங்களும் நாங்களும் ஒரே கடிதத்துல கையெழுத்து போடுவோம். பட்டறைப் பக்கம் இருக்கற எல்லா பெட்ரூம் ஜன்னலையும் அவரு செலவுல மாத்தணும். அடுத்து வரப்போற ரெண்டு டவருக்கு பிளான் அப்ரூவல் ஆகறதுக்கு முன்னாடி பெட்ரூம் எந்தப் பக்கம்னு திருத்தணும், விக்கற பேப்பர்ல பக்கத்துல ஓடற பட்டறைங்க இருக்குன்னு தெளிவா எழுதணும், சைட் விசிட் வேலை நாள்லயும் நடக்கணும். இதுல வரப்போறவங்களுக்காக நீங்களும் பேசணும், இன்னைக்கு நீங்க படற அவஸ்தைதான் நாளைக்கு அவங்களுக்கும்.

மண்ணுல ரசாயன டெஸ்ட் ரிப்போர்ட் இருந்தா அதை எல்லாரும் பாக்கற மாதிரி வெளியிடச் சொல்லி கேளுங்க, இல்லன்னா விளையாட்டு மூலையிலயும் பேஸ்மென்ட்லயும் உடனே எடுக்கச் சொல்லுங்க, போர்வெல் தண்ணியையும் சேத்து. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் அந்த மூலையில மண்ணைக் கெளறி விளையாட விடாதீங்க.

கடைசியா தெரு முனையில நீங்க சொந்தமா வெச்சிருக்கற 'லாரி நுழையாதே' போர்டு. அதை எடுங்க, அது பொதுத் தெரு. ஸ்கூல் வண்டி வர்ற காலை நேரமும் சாயங்கால நேரமும் நாங்களே லாரியை நிறுத்தி வெச்சுக்கறோம், அந்த நேரத்தை எழுதிக் குடுங்க போதும்.

இந்த மாசக் கடைசிக்குள்ள எழுத்துல பதில் வேணும். கூட்டத்துக்கு தேதியும் எடமும் நீங்களே சொல்லுங்க, பிரஸ்காரர், கிரைண்டிங்காரர், அந்த பிளேட்டிங் பெரியவரு எல்லாரையும் நான் கூட்டிட்டு வர்றேன். உங்க பக்கத்துலருந்து பொறுப்புல இருக்கறவங்க மட்டும் வந்தா பத்தாது, பட்டறைப் பக்கம் பெட்ரூம் இருக்கற வீட்டுக்காரங்க கண்டிப்பா வரணும்.

இப்படிக்கு,
உங்க பின்பக்கத் தெருவுல லேத் பட்டறை வெச்சிருக்கறவன்